பின் சீட்டுக்கு அடியில்

அண்ணன் கார் வாங்கிக்கொண்டு வந்த மறுநாள் விடியவே அன்ரி கட்டளை போட்டுவிட்டார். காரை உள்ளும் புறமும் கழுவவேண்டும், மஞ்சள் தண்ணீர் தெளிக்கவேண்டும், ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்குமுன் தேசிக்காயின் மேல் சக்கரங்களை ஏற்றித் தேங்காய் உடைக்கவேண்டும். அதுவரை அது வெறும் இரும்பு. அதில் ஏறி எங்கும் போகக்கூடாது.

அன்ரி எங்கள் வீட்டுக்காரர். ஹோம்புஷில் அவரும் அங்கிளும் வாங்கிய செங்கல் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் அண்ணனும் நானும் வாடகைக்கு இருந்தோம். கணக்காளரான அங்கிள் அந்தக் கிழமை வேலை விஷயமாக மெல்பேர்னுக்குப் போயிருந்தார். அதனால் அந்தச் சனிக்கிழமைக் காலையில் பூசை முழுவதும் அன்ரியின் பொறுப்பில் வந்திருந்தது.

"அன்ரி, உங்கட கலண்டரில இருக்கிறது யாழ்ப்பாணத்து ராகுகாலம். இங்க ராகு எத்தினை மணிக்கு வாறார் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று அண்ணன் கேட்டார்.

"ராகு எந்த ஊரிலயும் நேரத்துக்கு வருவார் தம்பி. இந்த ஊர் ரெயின் மாதிரி இல்லை. நீர் கதையை விட்டிட்டு அந்தப் பின் சீட்டைக் கழட்டும்."

"சீட்டை என்னத்துக்குக் கழட்ட?"

"முந்தி வைச்சிருந்தவங்கள் அதுக்குள்ள என்னென்ன இறைச்சி சிந்தினாங்களோ. மேலால துடைச்சுப்போட்டுச் சாமிக்குக் காட்டேலுமே?"

பரமட்டா ரோட்டில் வரிசையாக இருக்கும் பழைய கார்க் கடைகளில் ஒன்றில் வாங்கிய வெள்ளைக் கார் அது. அண்ணன் வேலை செய்த பேக்கரியில் அடுப்பு மூட்டும் நேரத்துக்கு ரெயில் ஓடாது; சைக்கிளில்தான் போய்வந்தார். கார் தேவைப்பட்டதற்கு அது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. முந்தைய வருடம் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துவிட்டுத் தனியாகத் திரும்பியிருந்தார். அண்ணியை இங்கே அழைப்பதற்கான மனு கொடுத்தாயிற்று. அண்ணி வந்து இறங்கும்போது விமான நிலையத்திலிருந்து தன் சொந்தக் காரில் கூட்டிவரவேண்டும் என்பது அவர் ஆசை. மனுவில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அழைக்கிறவர்மீது எந்தக் குற்றமும் இல்லை என்று பொலிஸ் சொல்லவேண்டும். அண்ணனுக்கு அதில் கவலையில்லை. இந்த நாட்டில் ரெயிலில் டிக்கெட் இல்லாமல்கூட ஏறாதவர் அவர்.

பின் சீட்டின் மெத்தை இழுத்தவுடன் கழன்று வந்துவிட்டது. கீழே தூசிக்குள் ஒரு சில்லறைக் காசு, பியர்ப் போத்தல் மூடிகள், ஒரு குழந்தையின் ஒற்றைச் சொக்ஸ். அவற்றுக்குப் பின்னால், தகரத்தின் மூலையில் செருகிவைத்திருந்த ஒரு மஞ்சள் துணிப் பொட்டலம். அண்ணன் அதை எடுத்து விரித்தார். விரித்த கையோடு மடித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். பாம்பைத் தொட்டவரைப் போல இரண்டு எட்டுப் பின்னால் வந்தார்.

"பிள்ளை, இஞ்ச வா. வந்து பார்."

நான் குனிந்து துணியின் ஒரு ஓரத்தை மட்டும் விலக்கிப் பார்த்தேன். சின்னக் கைத்துப்பாக்கி. கறுப்பு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்போல இருந்தது.

அன்ரி மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு எட்டிப் பார்த்தார். "விளையாட்டுச் சாமானே?"

"இல்லை அன்ரி. துவக்கு" என்றார் அண்ணன்.

செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் அன்ரியின் காலில் சிந்தியது.

அடுத்த சில நிமிடங்களில் அந்த முற்றத்தில் எத்தனையோ யோசனைகள் வந்துபோயின. கார் விற்றவனிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றார் அண்ணன். பின்வளவில் லெமன் மரத்தடியில் குழி தோண்டித் தாட்டுவிடலாம் என்றார் அன்ரி. குப்பை வாளியில் போட்டால் செவ்வாய்க்கிழமை லொறி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும் என்றும் அவரே சொன்னார். கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீதானே படிச்சனீ, சொல்லு" என்றார் அண்ணன்.

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா பெருவிரல் வைப்பவர். அம்மா பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுபவர். அண்ணன் சின்ன வயதிலேயே கப்பல் குசினியில் சமையல் வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், தட்டச்சும் சுருக்கெழுத்தும் பழகினேன், பிறகு அவர் அழைத்து இங்கே வந்தேன். ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. அந்த அலுவலகத்தில் என் ஆங்கிலத்தில் பிழை கண்டுபிடித்தவர்கள் எவரும் இல்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

அந்த வேலையால் எனக்குக் கைத்துப்பாக்கி பற்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒருவர் துப்பாக்கி சுடும் கழகத்தில் உறுப்பினர். அவரிடம் ஒழுங்கான அனுமதிப்பத்திரம் இருந்தது. வீட்டில் பூட்டி வைத்திருக்கலாம், கழகத்துக்குக் கொண்டுபோகலாம், திரும்பக் கொண்டுவரலாம்; வேறெங்கும் கூடாது. ஒருநாள் திரும்பும் வழியில் தன் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கிறார். காரின் பின்விளக்கு எரியவில்லை என்று மறித்த பொலிஸ்காரர், முன் சீட்டுக்கு அடியில் பையைக் கண்டார். "நான் அதைக் கையால் தொடவேயில்லை, அது பாட்டுக்குக் கீழே கிடந்தது" என்பதுதான் அவருடைய வாதம். எங்கள் சட்டத்தரணி தலையை ஆட்டிவிட்டு எனக்குச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்: சட்டத்தின் கண்ணில் ஏந்துவது என்பது கையால் தூக்குவது மட்டுமில்லை. காரில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு காரை ஓட்டினால் நீயே அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பதுபோலத்தான். மறைவாக இருந்தால் குற்றம் குறைவதில்லை, கூடுகிறது.

கார்பன் தாள் வைத்து அதை அடித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் துவக்கு வெளியில் தெரிந்தால்தான் பயம். தோளில் தொங்கும் துவக்கைக் கண்டால் ஆட்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். இங்கே சட்டம் பயப்படுவது கண்ணுக்குத் தெரியாத துப்பாக்கிக்கு. சீட்டுக்கு அடியில், பைக்குள், துணிக்குள் இருப்பதற்கு. யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். தெரிகிற துவக்கிலிருந்து ஓடலாம்.

"நேற்று நீங்கள் தெரியாமல் கொண்டுவந்தது வேறை. இனி இதை வைச்சுக்கொண்டு காரை எடுத்தியளெண்டால் அது துவக்கோட திரியிறது" என்று நான் அண்ணனிடம் சொன்னேன். "விற்றவனிட்டக் கொண்டுபோறதும் அப்பிடித்தான். தாட்டா ஒளிச்சு வைச்சதாகும். பொலிஸிட்ட நாங்கள் கொண்டுபோனாலும் வழியில மறிச்சா என்ன சொல்லுறது?"

"அப்ப என்னதான் செய்யிறது?"

"நான் நடந்து போய் நேரில சொல்லுறன். அவை வந்து எடுக்கட்டும். அதுமட்டும் அந்தத் துணியைத் தொடாதேங்கோ. காரை அசைக்காதேங்கோ."

"பொலிஸ் வீட்டுக்கு வாறதோ?" அன்ரி வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சன்னலைப் பார்த்தார். "அந்தக் கிழவி விடிஞ்சா பொழுதுபட்டா திரைச்சீலைக்குப் பின்னாலதான் நிக்கிறாள்."

"நிக்கட்டும் அன்ரி. போட்டு வாறன்."

அண்ணன் என் பின்னாலேயே நடந்தார். வாசல்வரை வந்து, "அவளின்ர பேப்பர் நிண்டுபோகாதுதானே?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். அண்ணியின் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை; 'அவள்' என்றால் அண்ணிதான்.

"நாங்களே போய்ச் சொன்னா நிக்காது" என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

பொலிஸ் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் வயதான ஒரு சார்ஜன்ட் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வழிநெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வசனங்களை ஒன்றும் விடாமல் சொன்னேன். நேற்று வாங்கிய கார், இன்று கழுவும்போது கண்டது, துணியை விரித்துப் பார்த்து அப்படியே வைத்தது.

"கொண்டு வந்திருக்கிறாயா?" என்று கேட்டு என் கைப்பையைப் பார்த்தார்.

"இல்லை. காரில்தான் இருக்கிறது."

"காரிலேயே வந்திருக்கலாமே, பெண்ணே. வெயிலில் நடந்து வந்திருக்கிறாய்."

"வந்திருந்தால் என் அண்ணன் அனுமதியில்லாமல் கைத்துப்பாக்கியைக் காரில் மறைத்துக் கொண்டுவந்தவராகியிருப்பார்" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற இளம் பொலிஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டாயா? இதைத்தான் உனக்கு நான் போன கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில் நான் இன்னொரு வசனமும் சொன்னேன். "நீங்கள் வரும்வரை கார் ஓர் அங்குலமும் அசையாது. அதற்கு நான் பொறுப்பு."

பொலிஸ் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து நான் எங்கள் தெருவுக்குள் வந்தேன். தூரத்திலேயே தெரிந்துவிட்டது.

எங்கள் வெள்ளைக் கார் நான் போகும்போது நின்ற கொட்டகை வாசலில் இல்லை. தெருப்பக்கத்துக் கேற்றுக்கு வந்திருந்தது. முன்மூக்கு நடைபாதைக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. முன்கண்ணாடியில் மூன்று விபூதிக்குறி, நடுவில் சந்தனப் பொட்டு, துடைப்பானில் செருகிய செவ்வரத்தம் பூ. உடைத்த தேங்காய்ப் பாதி ஒன்று நடைபாதையில் உருண்டு கிடந்தது. மற்றப் பாதியில் கற்பூரம் எரிய, அதைத் தட்டோடு ஏந்திக்கொண்டு அன்ரி காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஓட்டுநர் இருக்கையில் அண்ணன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் இறங்கி ஓடினேன். "என்ன அன்ரி செய்தனீங்கள்? அசைக்க வேண்டாமெண்டெல்லோ சொல்லிப்போட்டுப் போனனான்!"

"ஒன்பதாகப் போகுது பிள்ளை! ராகுகாலத்துக்குள்ள பொலிஸ் வந்து தொட்டா அந்தக் காருக்கு என்ன கதி? அந்தச் சனியன் இருந்த கார் எண்டபடியால்தான் கட்டாயம் கழிக்கவேணும். ஓடச் சொல்லேல்லை. லெமன்ல ஏத்தச் சொன்னனான், அவ்வளவுதான்."

தேசிக்காய் என்ற எங்கள் ஊர்ச் சின்ன எலுமிச்சை இங்கே கிடைப்பது அருமை. அதற்குப் பதிலாகப் பின்வளவு மரத்து மஞ்சள் லெமன் நாலு சக்கரத்துக்கும் வைத்திருக்கிறார். லெமன் பெரிது, மெல்ல உருட்டியபோது கார் ஏறவில்லை. அண்ணன் கொஞ்சம் பலமாக மிதிக்க, லெமனை நசுக்கிக்கொண்டு கார் கேற்றுவரை பாய்ந்து வந்து நின்றிருக்கிறது. பின் சீட்டின் மெத்தை முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மஞ்சள் துணி காருக்குள் கிடந்தது.

சார்ஜன்ட் இறங்கி வந்து அண்ணனை இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். காரின் முன்மூடியில் கையை வைத்துப் பார்த்தார். அங்கும் பூசியிருந்த சந்தனம் ஒட்டிய விரலை முகர்ந்தார். அன்ரி கொன்வென்ற் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினார்: இது ஓட்டுவதல்ல, உருட்டுவது, கடவுளுக்காக. இளம் பொலிஸ்காரர் குறிப்பேட்டைத் திறந்துவிட்டார். பின் கதவால் குனிந்து துணியையும் கண்டுவிட்டார்.

"ஓர் அங்குலமும் அசையாது என்றாயே" என்றார் சார்ஜன்ட் என்னிடம். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அண்ணனுக்குக் கடை ஆங்கிலமும் பேக்கரி ஆங்கிலமும் தெரியும். இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அது போதாது. என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.

"காரை எடுக்கும்போது அது உள்ளே இருந்தது என்று உன் அண்ணனுக்குத் தெரியுமா என்று கேள்" என்றார் சார்ஜன்ட். பிறகு, குறிப்பேட்டைப் பாராமல் என்னையே பார்த்துச் சொன்னார்: "யாராவது அதை வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். சீட்டைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். அப்படி நினைப்பது இயல்பு."

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அது எனக்கு விளங்கியது. அன்ரிக்கும் விளங்கியது.

"அப்பிடித்தான் எண்டு சொல்லு பிள்ளை" என்று அன்ரி தமிழில் அவசரப்பட்டார். "நான் எடுத்துக் கொட்டகைக்குள்ள வைச்சிட்டன் எண்டு தம்பி நினைச்சவர். இவங்களுக்கு எங்கட கதை விளங்கவே போகுது!"

நான் அண்ணனிடம் கேள்வியைத் தமிழில் சொன்னேன். கேள்வியை மட்டுமல்ல, அந்தக் கதவையும் சொன்னேன். "வெளியில எடுத்தாச்சு எண்டு நினைச்சனீங்களோ எண்டு கேக்கினம். அப்பிடியெண்டால் இதோட முடிஞ்சிடும் போல இருக்கு, அண்ணா."

அண்ணன் சந்தனப் பொட்டுக்கு ஊடாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் எந்தத் தெரு தெரிந்ததோ.

"இல்லை. உள்ளுக்கு இருக்கெண்டு தெரிஞ்சுதான் ஏத்தினனான். அப்பிடியே சொல்லு."

"அண்ணா, அண்ணியின்ர..."

"தெரியும். சொல்லு."

நான் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல். எத்தனையோ பேருடைய சத்தியக்கூற்றுகளைத் தட்டச்சு செய்திருக்கிறேன்; வாயால் சொன்னது அது ஒன்றுதான்.

இளம் பொலிஸ்காரர் எழுதினார். சார்ஜன்ட் நசுங்கிய லெமன்கள் கிடந்த இடத்துக்கு நடந்து போனார். கொட்டகை வாசலைப் பார்த்தார். கேற்றைப் பார்த்தார். முன்சக்கரம் கேற்றின் உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்று குந்தியிருந்து பார்த்தார். பக்கத்து வீட்டுத் திரைச்சீலை அசைந்தது. "எல்லாம் எழுது. லெமனையும் எழுது. நடந்தபடியே எழுது" என்று இளையவரிடம் சொன்னார். துப்பாக்கியைத் தன் கைக்குட்டையால் எடுத்து ஒரு பைக்குள் போட்டார். அண்ணன் நிலையத்துக்கு வரவேண்டும் என்றார். நானும் போனேன்.

வாக்குமூலத்தை ஒவ்வொரு வசனமாக நான் அண்ணனுக்குத் தமிழில் வாசித்தேன். 'காரை ஓட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டார்' என்று ஓரிடத்தில் இருந்தது. அது நடக்கவில்லை என்று சொல்லி மாற்றச் சொன்னேன். இளையவர் முகம் சுளித்தார். சார்ஜன்ட் மாற்றச் சொன்னார். வழக்குப் போடுவதா இல்லையா என்பதை மேலதிகாரிதான் முடிவுசெய்வார், காரை நிறுத்திவைத்துச் சோதிப்பார்கள், தகவல் வரும்வரை காத்திருங்கள் என்றார்கள்.

நாங்கள் நடந்து வந்தோம். ரெயில் ஸ்டேஷன் பாலத்தடியில் நான் பொறுக்கமுடியாமல் கேட்டேன். "அந்த மனுசன் வழி காட்டினவர். ஏன் அண்ணா அப்பிடிச் சொன்னனீங்கள்?"



"நான் பொய் சொன்னா அதை இங்கிலீசில சொல்லவேண்டியவள் நீயெல்லே" என்றார். "நான் தமிழில சொல்லிப்போட்டுப் போயிடுவன். உன்ர வாயாலதான் அது அவையளுக்குப் போகும். அதுக்கே நான் உன்னைப் படிப்பிச்சனான்?"

என் ஆங்கிலத்தை எனது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வந்த நாட்கள் நீளமானவை. அண்ணன் பழையபடி அரை இருளில் சைக்கிளில் பேக்கரிக்குப் போனார். அன்ரி என்னோடு நேராகக் கதைக்காமல் தட்டில் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அலுவலகத்தில் நான் கைத்துப்பாக்கிச் சட்டத்தை எடுத்து உணவு இடைவேளைகளில் வாசித்தேன். வைத்திருப்பது, ஏந்துவது, அனுமதி, பொது இடம் என்று எல்லாவற்றுக்கும் அதில் வரையறை இருந்தது. தெரியாமல் வாங்கிய ஒருவன், கண்டவுடன் சொல்லியனுப்பிவிட்டு, ராகுகாலத்துக்கு முன் முற்றத்திலிருந்து கேற்றுவரை காரை நகர்த்தினால் அவன் யார் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. எல்லாவற்றையும் எந்தச் சட்டத்திலும் எழுதிவைக்க முடியாது. எழுதாத இடத்தில் ஒரு மனிதர் நின்று முடிவுசெய்கிறார். அவர் லெமனையும் எழுதச் சொல்பவராக இருந்தால் நமக்கு நல்லகாலம். வேறொருவராக இருந்திருந்தால்? அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றும் பதில் தெரியாது.

சார்ஜன்ட்தான் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். துப்பாக்கி எப்போதோ ஒரு வீட்டில் களவுபோனது. காரின் முந்தைய சொந்தக்காரரை விசாரிக்கிறார்கள். அண்ணன்மீது நடவடிக்கை இல்லை. பதிவும் இல்லை. "அடுத்தமுறை கார் வாங்கினால் முதலில் சீட்டுக்கு அடியில் பார், பெண்ணே. பிறகு லெமனை வை" என்றார்.

சட்டத்தரணியிடம் கேட்டு அவருடைய தொலைபேசியிலேயே பேக்கரிக்கு எடுத்தேன். அண்ணன் வந்து பேசச் சிறிது நேரமாயிற்று. பின்னணியில் தட்டுகள் மோதும் சத்தம்.

"ஒண்டுமில்லையாம் அண்ணா. எல்லாம் முடிஞ்சுது. அண்ணியின்ர பேப்பருக்கு ஒரு தடையும் இல்லை."

தட்டுகளின் சத்தம்மட்டும் தொடர்ந்து கேட்டது.

"அண்ணா, நிக்கிறியளே?"

"ஓம், நிக்கிறன்" என்றார். "அவளுக்கு நீ எழுதாதை. இதை நான் எழுதுறன்."

அண்ணனுக்குத் தமிழிலும் எழுத்துக் கூட்டித்தான் எழுதவரும். இதுவரை அண்ணிக்குப் போன கடிதங்களையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதியவள் நான்தான். அன்று மாலை அவர் அறைக் கதவு மூடியிருந்தது. ஒரு சொல்லுக்கு எழுத்துக் கேட்டுக்கூட அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கதவைத் தட்டவில்லை.